ராபர்ட் பாரானியார்

செம்பரம்பாக்கத்து ஏரிக்கரைமீது காலையும் மாலையும் உலாவுவோர் பலர். சென்னை மாநகர்க்குக் குடிநீர் உதவுவதும் அடையாற்றிற்கு நீர் விடுவதுமாகிய அப்பேரேரியின் கரையில், முதியோர் பலர் பேரப்பிள்ளைகளின் கைபற்றி மெல்ல நடந்து வருதலை யாம் சிறுபிராய முதற் கண்டிருக்கின்றோம். எம் பாட்டியாரும் அவர்களுள் ஒருவராயிருந்தார். 76 வயதினராகிய அவர், ஒருநாள் வைகறையில் படுக்கையில் வலப்பக்கமாகப் புரண்டெழ முயன்றபோது, வீடு முழுதும் சக்கரம்போலச் சுழல்கின்றதென்று கூவிக் கட்டிலினின்றும் தரையில் வீழ்ந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. சில வாரங்களில் எலும்பு கூடிற்று, அச்சம் நீங்கவில்லை. ஏரிக்கரைக்குச் செல்வதை நிறுத்தினார். பின்னர் ஞாயிறுதோறும் ஆலயத்திற்குச் செல்வதையும் நிறுத்தினார். உறவினர் சிலர் பித்தம் என்றனர். சிலர் இரத்தக் குறைவு என்றனர். வயதானால் இப்படித்தான் என்று கூறி அமைந்தனர் பலர். கிறுகிறுப்பை அடக்குமென்று ஒரு மாத்திரை மாதக்கணக்காய் வழங்கப்பட்டது. அதனால் உறக்கம் மிகுந்ததேயன்றி வேறு பயன் விளையவில்லை.

முடிவில் செவிநோய் வைத்தியர் ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றோம். அவர் பாட்டியாரை மேசைமீது உட்காரவைத்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பியவாறே சட்டெனப் பின்னே சாய்த்துப் படுக்கவைத்து, கண்களை உற்று நோக்கினார். சிறிது நேரத்தில் கருவிழிகள் தாமே துடிக்கத் தொடங்கின. பாட்டியார் வைத்தியரின் கையை இறுகப் பற்றிக்கொண்டார். துடிப்பு அடங்கியபின், தலையை ஒரு முறைப்படி மறுபக்கந் திருப்பி, உடலையும் உடன் புரட்டி, எழுப்பி உட்காரவைத்தார். எல்லாம் ஐந்து நிமிஷத்திற்குள் முடிந்தன. மருந்து எதுவும் எழுதித் தரவில்லை. விடைபெறுங்கால், இந்நோயின் குறிகளை முதன்முதல் தெளிவாக எழுதிவைத்தவர் பாரானி என்னும் வியன்னா நகரத்து வைத்தியரென்று அவர் கூறினார். அப்பெயரை யாம் முன் கேட்டதில்லை. அவர் யாவரென்று தேடிப் படித்ததை நம் கல்லூரி அன்பர்களுக்கு இங்கே எழுதத் துணிந்தோம்.

ராபர்ட் பாரானியார் 1876-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 22-ஆம் நாள் ஆஸ்திரிய நாட்டுத் தலைநகராகிய வியன்னாவிற் பிறந்தார். பெற்றோர் யூத குலத்தினர். தந்தையார் பண்ணை நிலமொன்றினை மேற்பார்த்து வந்தவர். தாயார் பிராக் நகரத்து அறிஞர் ஒருவரின் மகளார். மக்கள் அறுவருள் இவரே மூத்தவர். இளமையிலேயே இவருக்கு எலும்புருக்கி நோய் கண்டது; உயிர் தப்பினும் ஒரு முழங்கால் மடங்காது விறைத்தே போயிற்று. அவ்விறைப்பு வாழ்நாள் முழுதும் நீங்கவில்லை. தம் நோயே தம்மை வைத்தியக் கல்வியின்பாற் செலுத்தியதென்பர். மடங்காத காலோடு அவர் மலையேறினார். டென்னிஸ் ஆட்டமும் ஆடினார். மக்கள் உடலின் சமநிலையைப் பற்றி உலகிற்கு உரைக்கவிருந்த ஒருவர், ஒவ்வோரடியிலும் தம் சமநிலையைத் தாமே தேடிக்கொள்ள வேண்டிய நிலையில் வளர்ந்தார்.

பள்ளியில் தொடக்க முதல் முதன்மாணாக்கராய் விளங்கிய அவர், 1900-ஆம் ஆண்டில் வியன்னா பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்றார். பின்னர் ஜெர்மனி சென்று, பிராங்க்பர்ட் நகரில் உள்நோய் வைத்தியமும், கிரேபெலின் என்னும் பேரறிஞரிடம் மனநோய் நரம்புநோய் வைத்தியமும் பயின்று, வியன்னாவிற்கு மீண்டு அறுவை வைத்தியமும் கற்றார். 1903-ஆம் ஆண்டில், செவி வைத்தியத்திற் பேர்பெற்ற ஆதாம் பொலிட்சர் என்பாரின் செவிநோய்ச் சாலையில் துணைவைத்தியராய் அமர்ந்தார். செவியோடு செவியாய் நில்லாமல் மூளை நரம்புகளையும் சேர்த்துக் கற்றமையே பிற்காலத்தில் அவருக்குப் பெருந்துணையாயிற்று என்பது எம் கருத்து.

அவர் செய்ததை விளக்கும்முன், செவியின் உள்ளமைப்பைச் சிறிது கூறுதல் வேண்டும். கேட்டலுக்குரிய நத்தைக்கூடு போன்ற உறுப்பின் அருகே, ஒவ்வொரு செவியிலும் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அறையின் மூலையில் இரு சுவர்களும் தளமும் கூடுவதுபோல, அவை ஒன்றற்கொன்று குறுக்காய் அமைந்திருக்கின்றன. குழல்களுள் நீர் உண்டு. ஒரு சொம்பில் நீர் நிரப்பிச் சொம்பைச் சட்டெனத் திருப்பினால், சொம்பு திரும்பும். உள்ளிருக்கும் நீர் உடனே திரும்பாது பின்தங்கும். தலையைத் திருப்பும்போது குழல்களிலும் அதுவே நிகழ்கின்றது. பின்தங்கும் நீர் அங்குள்ள நுண்ணிழைகளை வளைக்க, நரம்பு அச்செய்தியை மூளைக்குக் கொண்டு செல்கின்றது. மூளை உடனே கண்களை எதிர்ப்புறமாகத் திருப்பிப் பார்வையை நிலைநிறுத்துகின்றது. குழல்களின் அடியில் இரண்டு சிறு பைகளும் உள்ளன. அவற்றுள் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துகள்கள் ஒரு பிசின் படலத்தின்மேற் படிந்து கிடக்கின்றன. அவற்றின் பாரத்தால் மேல் எது, கீழ் எது என்பதை மூளை அறிகின்றது.

நம் சிறுமியர் கைகோத்துத் தட்டாமாலை சுற்றி நின்றவுடன் உலகமே சுற்றக் கண்டு சிரிக்கின்றனரே, அதன் காரணம் இதுவே. உடல் நின்றபின்னும் குழலில் நீர் உடனே நிற்பதில்லை. சிறுமியர்க்கு அது விளையாட்டு. அதே சுழற்சி அழையாமல் வந்தால் முதியோர்க்கு அது எலும்பு முறிவு. ஆண்டு ஏற ஏறக் குழல்களிலுள்ள நுண்ணிழை அணுக்கள் குறைகின்றன. கண்பார்வையும் பாதங்களின் உணர்ச்சியும் உடன் குறைகின்றன. ஆதலின், ஒன்று தவறும்போது மற்றொன்று தாங்குவதில்லை.

இவை யாவும் பாரானியார் கண்டுபிடித்தவை என்று எவரும் எண்ணலாகாது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் புளோரன்ஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் புறாக்களின் அரைவட்டக் குழல்களை அறுத்து, அவை நிலைதடுமாறிச் சுழலுவதைக் கண்டார். 1861-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துச் செவிடர் ஊமையர் கல்விச்சாலையின் வைத்தியராகிய மெனியே என்பவர், அதுவரை மூளையில் இரத்தம் மிகுதலால் வருவதெனக் கருதப்பட்ட தலைசுற்றல், உட்செவியினின்றும் வரக்கூடுமென்று எடுத்துரைத்தார். 1873 முதல் 1875 வரையுள்ள ஆண்டுகளில் மாக், பிராயர், கிரம் பிரவுன் என்னும் மூவர் தனித்தனியே குழல்நீரின் இயக்கத்தை விளக்கினர். அம்மூவருள் பிராயர் என்பார் வியன்னா நகரத்தவரே. இதனை அன்பர்கள் நினைவில் வைத்தல் வேண்டும். பின்னால் இதுபற்றி ஒரு வழக்கு வரவிருக்கின்றது. இவ்வளவு அறிந்திருந்தும், உயிருள்ள ஒரு நோயாளி முன்வந்து நிற்கும்போது, அவருடைய எந்தச் செவியின் குழல் கெட்டது, எது நன்றாயுள்ளது என்று சோதித்தறிய வைத்தியரிடம் எளிய வழி இல்லை.

அவ்வழி பாரானியார்க்கு வெந்நீர்க் கிண்ணத்திற் கிடைத்தது. செவியிற் சீழுடையோர்க்கு நீரைப் பீச்சிக் கழுவுவது அந்நாளைய வழக்கம். அப்போது சிலர் தலைசுற்றுகின்றதென்பர். அவர்தம் கண்களும் துடிக்கும். கருவிழி மெல்ல ஒருபுறம் ஒழுகிச் சட்டென மறுபுறம் மீளும்; ஓடும் ரெயிலிலிருந்து கம்பங்களை நோக்குவார் கண்களை எதிரேயிருந்து பார்த்தவர்கள் இதனை அறிவர். இத்துடிப்பைப் பிறரும் கண்டதுண்டு. நீரின் அழுத்தத்தால் வருவதென்று கருதிப் பொருட்படுத்தாது விட்டனர். பாரானியாரோ, நோயாளிகளின் பெயரோடு அவரவர் கண் எப்பக்கந் துடித்ததென்பதையும் குறித்துக்கொண்டே வந்தார்.

ஒருநாள் நோயாளி ஒருவர், நீர் போதிய சூடின்றி இருந்தால்தான் தமக்குத் தலைசுற்றுகின்றதென்றும், வீட்டிற் சூடான நீரால் தாமே கழுவிக்கொள்ளும்போது சுற்றுவதில்லை என்றும் முறையிட்டார். செவிலி, நீர் போதிய சூடாகவே உள்ளதென வாதித்தார். நோயாளியின் விருப்பப்படியே நடத்தல் வேண்டுமெனப் பாரானியார் கூறினார். அடுத்த முறை செவிலி மிகக் கொதிக்கும் நீரைக் கொணர்ந்தார். அதனைப் பீச்சியவுடன், இப்போது சூடு மிகுந்துவிட்டது, தலையும் சுற்றுகின்றது என நோயாளி அலறினார். பாரானியார் விரைந்து கண்களை நோக்கினார். துடிப்பு இருந்தது, ஆயின், தண்ணிய நீருக்கு எப்பக்கந் துடித்ததோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம் துடித்தது.

அழுத்தமே காரணமாயின் பக்கம் மாறுவதேன்? நீரின் சூடே காரணமாதல் வேண்டுமென்பது அவர்க்குப் புலனாயிற்று. குளிக்க வெந்நீர் காயும் கலத்தில், மேலே கைவைத்தால் சுடுவதும் அடியிற் கைவைத்தால் தண்ணென்றிருப்பதும் அவர் நினைவிற்கு வந்தன. நம் வீட்டு அண்டாவிலும் அப்படியே. சூடேறிய நீர் இலேசாகி மேலெழும். குளிர்ந்த நீர் கனத்துக் கீழிறங்கும். செவியின் புறத்தே குளிர்ந்த நீர் பட்டால், அதற்கு அண்மையிலுள்ள குழலின் ஒரு பகுதி குளிர்ந்து, உள்நீர் கீழ்நோக்கி ஓடும். வெந்நீர் பட்டால் மேல்நோக்கி ஓடும். தலை அசையாதிருப்பினும், அவ்வோட்டத்தைச் சுழற்சியென்று மூளை மயங்கும். இக்கருத்து மெய்யாயின், தலையைத் தலைகீழாக வைத்தால் துடிப்பின் பக்கமும் மாறுதல் வேண்டுமென்று முன்கூட்டியே கணித்து அவர் சோதித்தார், அவ்வாறே மாறிற்று. உடல்வெப்பத்தை ஒத்த நீருக்கு எவ்விதத் துடிப்பும் இல்லை. குழல் அழிந்துபோன செவியிலோ, எந்நீரைப் பீச்சினும் துடிப்பு எழவில்லை.

1906-ஆம் ஆண்டளவில் வெளிவந்த இச்சோதனை, இன்றளவும் உலகெங்கும் செவி வைத்தியசாலைகளிற் செய்யப்படுகின்றது. 1942-ஆம் ஆண்டில் லண்டன் அறிஞர் இருவர், உடல்வெப்பத்திற்கு 7 பாகை குறைந்த 30 பாகை நீரும், 7 பாகை மிகுந்த 44 பாகை நீரும் என அளவு வகுத்தனர். நேர்மையின்பொருட்டு இன்னொன்றையும் கூறுதல் வேண்டும். 1983-ஆம் ஆண்டு, எடையென்பதே இல்லாத விண்வெளியில், சூடான நீர் மேலெழ வழியில்லாத அவ்விடத்தில், இச்சோதனையைச் செய்து பார்த்தனர்; ஆண்டும் கண் துடித்தது. ஆகவே பாரானியாரின் விளக்கம் முழு விளக்கம் அன்றென்பது தெளிவாயிற்று. சோதனையின் பயன் அதனாற் குறையவில்லை.

சுழல் நாற்காலியில் நோயாளியை அமர்த்திச் சுற்றி நிறுத்திக் கண்களைச் சோதிப்பதும், கண்ணை மூடி விரலால் ஒரு பொருளைச் சுட்டச் செய்து சிறுமூளையின் நிலையை அறிவதும் அவர் வகுத்த பிற முறைகள். ஆகாயவிமானம் ஓட்டுவோரைச் சோதிக்கவும் அந்நாற்காலி பயன்பட்டது. அவர் பெயராலேயே இன்றும் வழங்குகின்றது. சீழ் பிடித்த செவியினின்றும் நோய் மூளைக்குப் பரவி உயிரைக் கவர்ந்த அக்காலத்தில், குழல்கள் உயிரோடுள்ளனவா, அறுவை வேண்டுமா என்பதை முன்னரே அறிய இச்சோதனைகள் எத்துணை உதவியிருக்கும் என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்கலாம். 1909-ஆம் ஆண்டில் அவர் பல்கலைக்கழக விரிவுரையாளரானார். அவ்வாண்டிலேயே இடா பெர்கர் என்னும் அம்மையாரை மணந்தார்.

1914-ஆம் ஆண்டு மாயுத்தம் மூண்டது. முழங்கால் மடங்காத பாரானியார் அறுவை வைத்தியராகப் பணிபுரிய முன்வந்து, கலீசிய நாட்டுப் பிரெமிசில் கோட்டைக்கு அனுப்பப்பட்டார். அஃது இன்று போலந்து நாட்டில் உள்ளது. தலையிற் குண்டுபட்டு வந்தோர்க்கு வைத்தியம் செய்வதோடு, செவிக்கும் சிறுமூளைக்குமுள்ள தொடர்பையும் ஆராயலாமென்று அவர் எண்ணியிருந்தார். மூளைப் புண்ணைத் திறந்தே விடும் வழக்கத்திற்கு மாறாக, கெட்ட பகுதியை நீக்கிப் புண்ணை உடனே மூடித் தைக்கும் முறையை அவர் அங்கே கையாண்டார். கோட்டை நெடுநாள் முற்றுகையிடப்பட்டு, 1915-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 22-ஆம் நாள் ருஷியரிடம் வீழ்ந்தது. பாரானியார் சிறைப்பட்டு, மத்திய ஆசியாவிலுள்ள மெர்வ் என்னும் ஊருக்குக் கொண்டுசெல்லப்பட்டார். மலைக்காய்ச்சல் நிறைந்த அவ்வூரில் தாமும் அந்நோய்வாய்ப்பட்டார். தேறியபின் அங்கும் வைத்தியத் தொழிலையே செய்துவந்தார்.

அந்நிலையில், 1914-ஆம் ஆண்டிற்குரிய வைத்திய நோபெல் பரிசு அவருக்கென 1915-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. பரிசுக்குரியவர் இருந்த இடமோ பாலைவனத்து ஊரில் கைதிகளின் பாளையம். சுவீடன் நாட்டரசரின் தம்பியாரும் அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத் தலைவருமாகிய கார்ல் இளவரசர் ருஷிய அரசாங்கத்தாரோடு பேசி விடுதலை பெறுவித்தார். 1916-ஆம் ஆண்டில் பாரானியார் சுவீடன் சென்று, அரசரின் கையினின்றும் பரிசினைப் பெற்று, செப்டம்பர் மாதம் 11-ஆம் நாள் தம் ஆராய்ச்சியைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். வெந்நீர்க் கிண்ணத்தின் கதையையும், அந்த நோயாளியையும் செவிலியையும் அப்பெருஞ் சபையில் அவர் மறவாது எடுத்துரைத்தமை எம் மனத்தை மிகவும் கவர்ந்தது. தம் கண்டுபிடிப்பிற்கு வழிகாட்டியது ஒரு நோயாளியின் முறையீடே என்பதை அவர் மறைக்கவில்லை.

இதனை ஈண்டு வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. வியன்னாவிற்கு மீண்ட அவரை மாலையோடு எவரும் வரவேற்கவில்லை. முன்னோர் கண்டவற்றைத் தம் நூல்களில் முறையாகக் குறிப்பிடவில்லை என்று உடன்வைத்தியர் சிலர் குற்றஞ்சாட்டினர். பிராயர் முதலியோர்க்குரிய புகழைக் கவர்ந்தார் என்பது வழக்கு. பல்கலைக்கழகத்தார் அதனை விசாரணைக்கு எடுத்தனர். அவர் எதிர்பார்த்த பேராசிரியர் பதவி கிட்டவில்லை. சுவீடன் அறிஞர் சிலர் அவர்பக்கம் நின்று வாதாடினர். எம்மனையார் இவ்வழக்கிற்குத் தீர்ப்புக் கூறத் தக்கவரல்லேம். முன்னோர் பெயரைக் கூறாது அவர் கருத்தை எடுத்தாளுதல் எங்கும் குற்றமே. என்பாரும் உளர் என்று பெயர் சொல்லாமலே பிறர் உரையைக் குறித்துச் செல்லும் நம் உரையாசிரியர்மேலும் இவ்வழக்கைத் தொடுக்கலாமோ என்று வகுப்பில் எமக்கொரு நகைப்பு எழுந்ததுண்டு. ஆயினும், குழல்நீர் ஓடுகின்றதென்று சொல்வது வேறு. அவ்வோட்டத்தை ஒரு கிண்ண நீரால் எவரும் கண்ணாரக் காணுமாறு செய்வது வேறு. பின்னதைச் செய்தவர் பாரானியாரே. சிறையினின்றும் மீண்டுவந்த ஒருவரைத் தம்மூரார் அங்ஙனம் நடத்தியமை எமக்கு வருத்தமே தருகின்றது.

மனம் கசந்த அவர் 1917-ஆம் ஆண்டில் வியன்னாவை நீங்கி, சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழகச் செவிநோய்ப் பகுதிக்குத் தலைவராய்ச் சென்றார். எஞ்சிய வாழ்நாளெல்லாம் அங்கேயே கழிந்தது.

பெரும்புகழ் தந்த நூல்கள் யாவும் பின்னே நிற்க, எம் பாட்டியாரைப் பொறுத்தவரை பாரானியார் செய்த மிகப்பெரிய காரியம் உப்சாலாவில் இருந்தபோது 1921-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு சிறு குறிப்பேயாகும். 27 வயதுடைய பெண்ணொருத்தி, படுக்கையிற் பக்கமாகத் திரும்புங்கால் தலைசுற்றுகின்றதென்று முறையிட்டு வந்தாள். அவளைப் படுக்கவைத்துத் தலையை வலப்புறந் திருப்பியபோது, கண்கள் மேல்நோக்கியும் சுழன்றும் துடித்தன. சிறிது நேரத்தில் அடங்கின. குழல்களின் கேடாயின் இவ்வாறிராதென்று கருதி, சுண்ணாம்புத் துகள்களையுடைய பைகளே இதற்கு இடமென்று அவர் எழுதினார். துகள்களுக்கும் இந்நோய்க்கும் உறவுண்டென்பது மெய்யே. ஆனால் துகள்கள் பையினின்றும் கழன்று அரைவட்டக் குழலுக்குள்ளேயே வீழ்ந்து, தலை சாயுந்தோறும் உருண்டு நீரைக் கலக்குகின்றன என்பதை அவர் அறியவில்லை. குழல்களைப் பற்றி அவரினும் நன்கு அறிந்தார் அந்நாளில் இலர். அவரே குழலைக் குற்றமற்றதென்று விட்டுவிட்டார்.

1952-ஆம் ஆண்டில் லண்டன் நகரத்து டிக்ஸ் அம்மையாரும் ஹால்பைக் என்பாரும் அப்பழங் குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு, பல நோயாளிகளைச் சோதித்து, தலையைச் சாய்த்துக் கண்ணை நோக்கும் முறையை நிலைநாட்டினர். பாட்டியார்க்கு எம் ஊர்ப்பக்கத்து வைத்தியர் செய்த முதற்சோதனை அதுவே. பின்னர் அமெரிக்க நாட்டு எப்ளி என்னும் வைத்தியர், தலையை முறைப்படி திருப்பித் திருப்பித் துகள்களைக் குழலினின்றும் வெளியே உருட்டிவிடலாமெனக் கண்டு, 1992-ஆம் ஆண்டில் விரிவாக எழுதினார். குழாயினுள் அகப்பட்ட கோலிக்குண்டைக் குழாயைத் திருப்பியே வெளிக்கொணரும் சிறுவனின் சூழ்ச்சிதான் அது. மருந்தும் வேண்டா, கத்தியும் வேண்டா.

முதியோர்க்கு இதனால் விளையும் நன்மையை அளவிட்டுச் சொல்ல வேண்டுமாயின், விழுதலின் கேட்டினை முதலில் அறிதல் வேண்டும். 65 வயதைக் கடந்தோருள் ஏறக்குறைய மூவரில் ஒருவர் ஆண்டுதோறும் ஒருமுறையேனும் விழுகின்றனர் என்பர் உலக சுகாதார நிறுவனத்தார். விழுதலால் உலகில் ஓராண்டில் இறப்போர் தொகை 6,84,000 என்று அவர்களே கணிக்கின்றனர். அவருள் பெரும்பாலோர் 60 வயதிற்கு மேற்பட்டவர். வேதாகமம் படித்த நமக்கு இது புதிதன்று. 98 வயதினனாய்க் கண்ணும் மங்கிய ஆசாரியன் ஏலி, வாயிலின் அருகே தன் ஆசனத்தினின்றும் மல்லாந்து விழுந்து பிடரி முறிந்து இறந்தான். தமிழிலும், ஊன்றுகோலைப் பாடிய சிறப்பாலேயே தொடித்தலை விழுத்தண்டினார் எனப் பெயர்பெற்ற புறநானூற்றுப் புலவர், இளமையில் ஆழ்நீரிற் குதித்து மணல் எடுத்த நாளை எண்ணிக் கோலூன்றிய முதுமையில் இரங்குகின்றார். ஏரிக்கரைக் கோலர்களைக் காணுந்தோறும் அப்பாட்டு எமக்கு நினைவிற்கு வரும்.

விழுதல்கள் யாவும் செவியால் வருவன அல்ல. எழுந்தவுடன் இரத்த அழுத்தம் தாழ்தல், கண்புரை, மருந்துகளின் மயக்கம், கால்வலிமைக் குறைவு எனக் காரணங்கள் பல. திடீரென வருந் தலைசுற்றலோடு பேச்சுக் குழறுதலோ கைகால் தளர்தலோ சேர்ந்தால், அது மூளையில் இரத்தம் தடைப்பட்டதன் குறியாகலாம், தாமதித்தல் ஆகாது. ஆயினும் செவியின் பங்கு சிறிதன்று. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க முதியோர் வைத்தியசாலை ஒன்றில் 100 பேரைச் சோதித்தபோது, 9 பேருக்குத் துகள் உருளும் இந்நோய் எவரும் அறியாமலே இருந்தது; அவர்களிலே அண்மையில் விழுந்தவர் மற்றையோரினும் மிகுதி. படுக்கையிற் புரளும்போது சுற்றுகின்றதா என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். எம் வீட்டிலும் அவ்வினாவை யாரும் கேட்கவில்லை. பாட்டியாரோ, ஒருபக்கமாகவே படுத்துறங்கப் பழகியிருந்ததை எவரிடமும் சொல்லவில்லை. முதுமையென்று நாம் சொல்லச் சொல்ல, அவரும் அப்படியே நம்பிவிட்டார்.

இடையில் ஒன்று. பாரானியாரின் முழங்காலை முடக்கிய நோயின் கிருமிக்கு அவர் காலத்தில் மருந்தில்லை. அவர் மறைந்தபின் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டிரெப்டோமைசின், அந்நோயை வென்ற முதன்மருந்துகளுள் ஒன்று. 1956-ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவப்பட்டு, இன்று சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிலையமாக விளங்கும் சாலையின் பணியால், காசநோயாளிகளை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாமென்பது உலகிற்குத் தெரியவந்தது. ஸ்டிரெப்டோமைசினோ, சிலர்க்கு இரு செவிகளின் சமநிலை உறுப்பையும் அழித்துவிடும். அத்தகையோர்க்குத் தலைசுற்றல் இராது. இருளில் நடக்கவும், கண்ணை மூடி முகங்கழுவவும் இயலாது தள்ளாடுவர். அவர்தம் செவியில் நீரைப் பீச்சினால், வெந்நீராயினும் தண்ணீராயினும், கண் துடிப்பதில்லை. அதனை அறியும் சோதனையைத் தந்தவர் பாரானியார்.

உப்சாலாவில் அவர் பின்னாளில் தசைகளில் வரும் வாதநோயைப் பற்றி ஆராய்ந்தார். பாரிசவாயுவால் உடலின் ஒரு பகுதி இயங்காதபோதும், அதுபற்றிய நூலை எழுதுவதை விடவில்லை. புதல்வர் இருவரும் வைத்தியக் கல்வியிற் சிறந்து, ஒருவர் உப்சாலாவில் மருந்தியற் பேராசிரியரானார். 60-ஆம் பிறந்தநாளைக் கொண்டாட அறிஞர்கள் பல நாடுகளினின்றும் கூடவிருந்தனர். அந்நாளுக்கு இரு வாரங்கட்கு முன், 1936-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 8-ஆம் நாள் அவர் காலமானார். சமநிலை வைத்தியத்தார் 1960-ஆம் ஆண்டில் நிறுவிய உலகச் சங்கத்திற்கு அவர் பெயரே இடப்பட்டது.

இவற்றையெல்லாம் பாட்டியாரிடம் ஒருநாள் மாலை சொல்லிக்கொண்டிருந்தோம். நோபெல் பரிசைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. மடங்காத காலோடு மலையேறியவர் விழுந்ததுண்டா என்று மட்டும் கேட்டார். எமக்கு விடை தெரியவில்லை. இவ்வாண்டு ஈஸ்தர் திருநாளில் அவர் ஆலயத்திற்கு நடந்தே வந்தார். இரு வாரங்கழித்து ஏரிக்கரைக்கும் வந்தார், கோல் ஒன்று வைத்துக்கொண்டு. ஐப்பசி மழையின்போது சுழற்சி ஒருமுறை மீண்டும் வந்தது. இம்முறை அவர் புரண்ட பக்கத்தையும் நேரத்தையும் தாமே சொன்னார். மறுநாளே அவ்வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம்.